நாலு பேரும் முழங்காலில்

மாணவியர் விடுதி
ஜூலை 14

ஆண்டவருக்குள் அன்பான அம்மாவுக்கும் அண்ணனுக்கும்,

வாலு எழுதிக்கொண்டது. நான் நலம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா, கால் வலி தேவலையா? டாக்டர் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

எங்கள் அறையில் நாலு பேர். என் கட்டிலுக்கு அடியில் ஒரு மாட்டின் முன்னங்கால் எலும்பு முழுசாகக் கிடக்கிறது. பயப்படாதீர்கள், படிக்கக் கொடுத்ததுதான். கால்நடை மருத்துவம் என்றால் நாய்க்குட்டிக்கு ஊசி போடுவது என்று நினைத்து வந்தேன். இவர்களோ எலும்பைக் கையில் கொடுத்து, கண்ணை மூடித் தடவிப் பார்த்து இடது காலா வலது காலா சொல் என்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி குதிரை எலும்பு ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்வதில்லை. அதனால் அவளுக்குக் குதிரை என்றே பேராகிவிட்டது. வகுப்பு, ஆய்வகம், பண்ணை வேலை, திரும்பவும் வகுப்பு. சாப்பிடும்போதே தூங்கி விழுகிறேன்.

ஒழுங்காக ஜெபிக்கிறாயா என்று கேட்டிருந்தீர்கள். அதை ஏன் கேட்கிறீர்கள்! பொழுது விடியும் முன்பே நாங்கள் நாலு பேரும் முழங்காலில்தான். மேலே இருக்கிறவர் திருப்தியாகும் வரை எழுந்திருக்க முடியாது. ஒரு துளி அழுக்கும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிக நேரம்.

மணி அடித்துவிட்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
வாலு

---

வீடு
ஆகஸ்ட் 3

அன்பு வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். வேனும் சுகம், கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஏறுகிற பள்ளிப் பிள்ளைகள் அதைவிட முரண்டு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள்.

அப்பா போனதிலிருந்து அம்மா வாய் திறந்து ஜெபித்ததில்லை. உனக்கும் தெரியும். ஊர் வாய்க்குப் பயந்து சபைக்கு வருவார்கள். எல்லாரும் கண்ணை மூடும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் கடிதம் வந்த மறுநாள் விடியற்காலையில் வேனைக் கழுவ எழுந்தேன். அம்மா அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால், கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறார்கள். நான் வாளியைக்கூடத் தரையில் வைக்காமல் வெளியே வந்துவிட்டேன். வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதே.

போன ஞாயிறு அம்மா சபையில் எழுந்து நின்று உன் ஜெபத்தைச் சாட்சியாகச் சொல்லிவிட்டார்கள். பாஸ்டர் விடுவாரா? “காலேஜுக்குப் போனா பிள்ளைங்க ஆண்டவரை மறந்துடுதுன்னு புலம்புறீங்களே, இந்த வீட்டுப் பொண்ணைப் பாருங்க!” என்று பிரசங்கத்தில் பாதி நேரம் நீதான்.

ஒரே ஒரு சந்தேகம். இங்கே ஆராதனைக்கு உன்னை எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். அங்கே போய் அப்படியே தலைகீழாக மாறிவிட்டாயா?

உன் அண்ணன்

---

மாணவியர் விடுதி
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணா,

நலம், நலமே ஆகுக. இதை வேன் ஸ்டாண்ட் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

உன் கடிதத்தை நாலைந்து தடவை வாசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அண்ணா, அது ஜெபம் இல்லை. பால் அறைத் தரை. பண்ணையில் பால் கறந்து முடிந்ததும் முதலாண்டு மாணவிகள்தான் தரையைத் தேய்க்க வேண்டும். மூலைகளில் பாசி பிடித்திருக்கும், முழங்காலில் நின்றுதான் பிரஷ் போட முடியும். மேலே இருக்கிறவர் என்றது பண்ணை சூப்பர்வைசரை. மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். “அந்த மூலை, அந்த மூலை!” என்பார். நீயாவது சிரிப்பாய் என்றுதான் அப்படி எழுதினேன்.

இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. ஜெபிக்கிறாயா என்ற கேள்விக்கு வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வந்த நாளிலிருந்து வேதப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஞாயிறு காலையில் பண்ணை வேலை. மாலையில் துணி துவைத்தால் திங்கட்கிழமைத் தேர்வு வந்து நிற்கிறது. கல்லூரி ஜெபக்குழுவுக்கு ஒரு தடவை போனேன். கண்ணை மூடினேன், அப்படியே தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் எல்லாரும் என்னைச் சுற்றி மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஆழ்ந்து ஜெபிப்பதாக நினைத்துவிட்டார்களாம். அடுத்த மாதத்திலிருந்து முன்னால் நின்று ஜெபம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

நேரம் இல்லாததுகூடப் பரவாயில்லை. நேரம் கிடைக்கும்போதும் ஒன்றும் வரவில்லை அண்ணா. வாயில் வார்த்தை வருகிறது, உள்ளே காலியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன்.

உன் வாலு

---

வேன் ஸ்டாண்ட்
செப்டம்பர் 16

வாலு,

சுகமா? நாங்கள் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதம்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வேன்காரர் என்னய்யா லாட்டரியா என்று கேட்டார். அப்புறம் வீட்டுக்குப் போனேன். அம்மா சமையல்கட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சொல்ல வாயெடுத்தேன். “சாப்பிட வாப்பா” என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். அப்படியே மென்று விழுங்கிவிட்டேன்.

இப்போது அம்மா மட்டும் இல்லை. தையல்கார அக்காவும் இன்னும் மூன்று பேரும் விடியற்காலையில் நம் வீட்டில் கூடுகிறார்கள். நாலு பிள்ளைகள் அங்கே முழங்காலில் நிற்கும்போது நாம் தூங்கலாமா என்று ஆரம்பித்தது. உன் தோழிகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டுமாம், பெயர்களைக் கேட்டு எழுதச் சொன்னார்கள்.

சொல்லாதே வாலு. கெஞ்சிக் கேட்கிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நீ அங்கே தரையைத் தேய், இங்கே அம்மா பாடட்டும். அம்மாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு, காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணன்

---

மாணவியர் விடுதி
அக்டோபர் 4

நம் ஆண்டவரின் மேலான நாமத்தில் என் பாசத்துக்குரிய அம்மாவுக்கு அன்பின் வாழ்த்துகளும் ஸ்தோத்திரங்களும்!

கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீங்களும் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனும் கிருபையால் சுகம் என்று எழுதியிருந்தான். வீட்டில் ஜெபக்கூடுகை நடப்பது அறிந்து மிகுந்த சந்தோஷம். தோழிகள் மூவரும் தங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். பெயர்கள் ஆண்டவருக்குத் தெரியும் அல்லவா.

தேர்வுகள் நெருங்குவதால் அதிகம் எழுத முடியவில்லை. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிருபைக்குள் உங்கள் மகள்

---

வேன் ஸ்டாண்ட்
அக்டோபர் 27

வாலு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே ஒன்றும் சரியில்லை.

அம்மாவின் வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஊசி போட்டு நீரை எடுத்தார். “இனிமே தரையில முழங்கால் போடவே கூடாதும்மா. மீறினா ஆபரேஷன்தான், அதுக்கப்புறமும் நடப்பீங்களான்னு உத்தரவாதம் இல்லை” என்று முகத்துக்கு நேரே சொன்னார். அம்மாவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்கள். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், வேட்டியை மடித்துக் காலுக்கு அடியில் போட்டு முழங்காலில் நிற்கிறார்கள். அப்பாவின் வேட்டி.

சண்டை போட்டேன். “சின்னப் பிள்ளை அங்க தினமும் முழங்கால்ல நிக்கிறா, ஒரு நாள் வலிக்குதுன்னு எழுதினாளா? நான் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு ஜெபம் பண்ணணுமா?” என்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். போன வாரம் எழுந்திருக்க முடியாமல் நான் வரும் வரை அப்படியே கிடந்திருக்கிறார்கள். கூப்பிடக்கூட இல்லை.

எனக்கு ஒரு யோசனை. நீயும் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிப்பதாக எழுதிவிடு. முதுகுவலி, டாக்டர் சொன்னார், ஏதோ ஒன்று. நீ உட்கார்ந்தால் அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று. விடுமுறைக்கு நீ வரும்போது சபையில் வாலிபர் ஞாயிறு ஆராதனை. நீதான் சாட்சி சொல்கிறாய் என்று பாஸ்டர் அறிவித்துவிட்டார். நான் தடுக்கப் பார்த்தேன், “உன் தங்கச்சியைப் பார்த்துப் பொறாமையா தம்பி?” என்று சிரிக்கிறார்.

அண்ணன்

---

மாணவியர் விடுதி
நவம்பர் 5

அண்ணா,

உன் யோசனைப்படி உட்கார்ந்து எழுதினேன். “முதுகுவலி” வரைக்கும் எழுதிக் கிழித்தேன். திரும்ப எழுதிக் கிழித்தேன். முதுகுவலி என்றால் அம்மா அந்த முதுகுக்காக இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக முழங்காலில் நிற்பார்கள். இது உனக்குத் தோன்றவில்லையா?

எந்தப் பக்கம் போனாலும் சுவர். சொன்னால் அம்மாவின் ஜெபம் போய்விடும், சொல்லாவிட்டால் கால் போய்விடும். இங்கே ஜெபக்குழுவில் ஒவ்வொரு வெள்ளியும் முன்னால் நின்று உருகி உருகி ஜெபிக்கிறேன். “உன்னை மாதிரி ஜெபிக்கணும்” என்று பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாத்ரூமில் கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அங்கேதான் யாரும் என்னைப் பக்தியாகப் பார்ப்பதில்லை.

பக்கத்துக் கட்டில் குதிரையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் எந்தச் சபைக்கும் போகிறவள் இல்லை. “உங்க சாமிக்கு உண்மை தெரியும்தானே? அப்ப நீ யாருக்குப் பயப்படுற?” என்றாள். எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் அம்மாவுக்கு எழுதப் பேனாவை எடுத்தேன்.

உள்ளே இன்னொரு உறை இருக்கிறது. அது அம்மாவுக்கு. நீ வாசித்துக் காட்டாதே. கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடு.

வாலு

---

நவம்பர் 5

அம்மாவுக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன்.

அம்மா, நான் விடியற்காலையில் முழங்காலில் நிற்பது உண்மை. ஆனால் கையில் தரை தேய்க்கிற பிரஷ் இருக்கும். மேலே இருக்கிறவர் என்று எழுதினேனே, அவர் பண்ணை சூப்பர்வைசர். நாங்கள் நாலு பேர் தேய்ப்பது பால் அறைத் தரை. மற்ற மூன்று பேருக்கும் நீங்கள் தங்களுக்காக ஜெபிப்பதே தெரியாது. நன்றி சொல்லச் சொன்னார்கள் என்றது பொய். விளையாட்டாக எழுதினேன், நீங்கள் ஜெபம் என்று நினைத்துவிட்டீர்கள் என்று ஆகஸ்டிலேயே தெரியும். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஜெபிப்பதில்லை அம்மா. வேலை அதிகம் என்பது ஒரு காரணம், அது மட்டும் காரணம் இல்லை. வீட்டில் இருந்தவரை நீங்கள் கூட்டிப் போனீர்கள், போனேன். தனியாக வந்து பார்த்தால் எனக்கென்று உள்ளே ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. இருக்கிறதா என்று தேடக்கூடப் பயமாக இருக்கிறது.

தயவுசெய்து முழங்கால் போடாதீர்கள். என்னைப் பார்த்துச் செய்ததென்றால், நான் அங்கே இல்லை. என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் மகள்

---

மாணவியர் விடுதி
நவம்பர் 30

அண்ணா,

ஒரு வரியாவது எழுதக் கூடாதா? அம்மா வாசித்தார்களா? கால் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறார்களா?

தபால் பெட்டியைத் தினமும் பார்த்துப் பார்த்து விடுதிக் காவலாளிக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. நாலாவது படிக்கட்டிலேயே “இல்லம்மா” என்று கையை ஆட்டிவிடுகிறார். ஜெபக்குழுவிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை, இப்போது எனக்காக ஜெபிக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

விடுமுறைக்கு வரலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்.

வாலு

---

வீடு
டிசம்பர் 12

மகளுக்கு அம்மா எழுதுவது. என் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அண்ணனை எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவனும் சேர்ந்து மறைத்தான் இல்லையா, அவனோடும் பத்து நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டேன்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன். என் பிள்ளை, என் பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேனே! விடியற்காலையில் அந்தப் பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். கால் வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதற்கப்புறம் நான் ஜெபிக்கவில்லை. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஜெபிக்காத ஜெபம் இல்லை. சுகமாகிவிடுவார் என்று எல்லாரும் தைரியம் சொன்னார்கள். நம்பினேன். அவரை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கே என் வாய் மூடிக்கொண்டது. ஆண்டவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. உன் கடிதம் வந்தபோது, இந்தச் சின்னப் பெண் நிற்கிறாளே, நமக்கு என்ன என்று வெட்கமாகிவிட்டது. உனக்கு முன்னால் வெட்கப்பட்டுத்தான் முழங்கால் போட்டேன். ஆண்டவருக்காக இல்லை. அப்பாவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னை மாதிரியே நானும் நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நீ நடுவிலிருந்து போய்விட்டாய். எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் யாரும் இல்லை. போன வாரம் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏன் உங்கள் அப்பாவைக் கொண்டு போனாய் என்று கேட்டேன். நன்றாகத் திட்டினேன். இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் கேட்க வேண்டியவரிடம் கேட்கிறேன்.

தையல்காரியிடமும் மற்றவர்களிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். தையல்காரி சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் இன்னும் வருகிறார்கள். பாஸ்டரிடம் என் மகள் மாட்டுத்தொழுவத் தரை தேய்க்கிறாள், சாட்சி எல்லாம் சொல்லமாட்டாள் என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

விடுமுறைக்கு வா. வராமல் எங்கே போவாய்? ஆனால் ஒன்று. ஜெபித்தாயா என்று இனி நான் கேட்கமாட்டேன். ஜெபித்தேன் என்றும் எழுதாதே, ஜெபிக்கவில்லை என்றும் எழுதாதே. அது உனக்கும் அவருக்கும் உள்ளது, நான் தலையிடமாட்டேன். என்ன சாப்பிட்டாய், மாடு என்ன செய்தது, அதை எழுது.

கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

அம்மா

---

மாணவியர் விடுதி
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். தையல்கார அக்கா நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார்களாமே, வசதியாக இருக்கிறதா? அண்ணனிடம் கியரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், விடுமுறை முடிந்து என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது வேன் அழுதது.

மாடு என்ன செய்தது என்று எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பண்ணையில் நெற்றியில் வெள்ளை உள்ள மாடு ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தேன் இல்லையா, முதல் ஈற்று. நேற்று மத்தியானம் கன்று போட வலி எடுத்தது. கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிச் சிக்கிக்கொண்டது. எங்கள் டாக்டர் அம்மா உள்ளே கையை விட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். நானும் குதிரையும் கயிற்றைப் பிடித்தோம். “இப்போ இழு... விடு... இப்போ இழு” என்று சொல்லச் சொல்ல இழுத்தோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. மழைத் தூறல் வேறு. மாடு கத்தக்கூடத் தெம்பில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் வந்தது. நல்ல பெரிய கன்று, காதுகூட அழகாக மடிந்திருந்தது. மூக்கைத் துடைத்தோம், நெஞ்சைத் தேய்த்தோம், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினோம். மூச்சு வரவில்லை. டாக்டர் அம்மா போதும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்கள். தாய்க்கு மட்டும் போதவில்லை. அது எழுந்து வந்து கன்றை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. தீவனக் கிடங்குக்குப் பின்னால் போய்விட்டேன். அதற்கு மேல் எழுதக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எழுதவில்லை.

இதை எழுதலாம் என்று நினைக்கிறேன். குதிரை என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். மூலையில் நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் வந்ததும், “யார்கிட்டடி அப்படிச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தே? அங்க யாருமே இல்லையே?” என்றாள்.

“தெரிஞ்சவர்தான்” என்று சொன்னேன்.

தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி நலம். அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு